இடது காதில் இருந்தவன்

செத்துப்போனவன் அந்த ரெக்கார்டில் பாடவே இல்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தானாம். பக்கத்தில் இருந்தவனே பிறகு ஒரு நாள் தனியாக வந்து, அவன் குரலையும் தானே பாடி ஒட்டவைத்துவிட்டுப் போனானாம்.

சலூனுக்கு இந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் பக்கத்துக் கண்ணாடிக்கடை அக்கா. அக்காவுக்குச் சொன்னவர், மூக்குக்கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெரியவர். பெரியவருக்குச் சொன்னது அவருடைய மச்சினன். அந்த மச்சினனோ, ஒலிப்பதிவு நடந்த அரங்கில் ஒயர் சுருட்டிய ஒருவனோடு எப்போதோ ஒரே அறையில் தங்கியிருந்தவனாம். இத்தனை வாய்களில் நனைந்து வந்தும் அந்தப் பேச்சு நமுத்துப்போகாமல் மொறுமொறுவென்றுதான் இருந்தது.

"கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமாக்கா?" என்றார் சலூன்காரர். கையில் கத்தி. கத்திக்குக் கீழே, முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார் லிஃப்ட்காரர்.

"நான் எங்கே விட்டேன்? கேட்டதைச் சொன்னேன். உனக்கு வேண்டாம்னா இந்தக் காதில வாங்கி அந்தக் காதில விட்டுடு."

"அதுதானே நம்ம பொழைப்பே. எந்தக் காதுல யாருன்னுதானே இத்தனை வருஷமா அடிச்சுக்கறோம்."

மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது ஒரே ஒரு ராக் இசைக்குழு. கிரஞ்ச் என்று சொல்வார்களே, அந்த வகை. கசங்கின சட்டை, முகத்தை மறைக்கிற முடி, அடிபட்ட மிருகம் மாதிரிக் கதறும் கிட்டார். இரண்டு பாடகர்கள். உரக்கப் பாடும்போது அவர்களைக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஒருவன் தொண்டையில் மணல் கிடந்தது, இன்னொருவன் தொண்டையில் மணி. அதனால் ஒருவன் மணல், மற்றவன் மணி. நிஜப் பெயர்கள் இவர்கள் வாயில் வருவதே இல்லை. ஆனால் கடைசியாக வந்த அக்கூஸ்டிக் ரெக்கார்ட் வேறு மாதிரி. மின்சாரக் கிட்டார்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெறும் மரக் கிட்டாரோடு அடங்கின குரலில் பாடியிருந்தார்கள். குரலை அடக்கியதும் மணலும் தெரியவில்லை, மணியும் தெரியவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு குரல் மாதிரி ஆகிவிட்டன. பிரித்தறிய ஒரே வழி, ரெக்கார்டின் அட்டையில் போட்டிருந்த குறிப்பு: இடது பக்கம் மணல், வலது பக்கம் மணி. அந்தப் பதிவு முடிந்து கொஞ்ச காலத்திலேயே மணல் இறந்துபோனான். போதை ஊசி.

"பாடலைன்னா, கடைசிப் பாட்டு யாரு பாடினதாம்?" நுரைக்குள்ளிருந்து கேட்டார் லிஃப்ட்காரர். "இடது காதுல ஒருத்தன் ஆரம்பத்திலேர்ந்து முடியறவரைக்கும் ஒரு இடத்துல பிசகாம பாடறானே, அது யாரு, பேயா? வலது காதுல இருக்கறவன்தான் பின்னாடியே வந்து ஒத்து ஊதிட்டு இருக்கான்."

"ஆனா வெளியூர்க்காரங்க எல்லாம் வேற மாதிரிதானே எழுதறாங்க?" என்றார் அக்கா. "மணல் தடுமாறறான், வரியை விட்டுடறான்னு. நாமதான் அவங்க காதுல அடைப்புன்னு திட்டிட்டு இருக்கோம்."

"அந்த இரட்டை வரியை அவங்க கேட்டதே இல்லையா? பாடின வரியையே திரும்பப் போய் இன்னொரு தரம் பாடறானே. தடுமாறறவன் பாடற பாட்டா அது?" என்றார் லிஃப்ட்காரர்.

"அதான் தம்பி, அது மணல் இல்லைன்னு சொல்றாங்க."

லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது, மறு கன்னத்தில் நுரை. கழுத்தில் கட்டிய துணியை உருவி நாற்காலியில் போட்டார்.

"யோவ், பாதி முகத்தோட போனா வீட்டுல பாதி ஆளைத்தான் உள்ள விடுவாங்க," என்று சலூன்காரர் கத்தியோடு வாசல்வரை வந்தார். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுக்காக ஒரு மனிதன் இப்படியா கோபித்துக்கொள்வான் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோபம் பாட்டுக்காக இல்லை. தம்பிக்காக.

அண்ணனும் தம்பியுமாகத்தான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு இருவருக்கும் வேறு நாதி இல்லை. மாடியில் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ். வீட்டுக்குள் ஒரு பாஷை, தெருவில் இன்னொரு பாஷை. இரண்டிலும் தப்பில்லாமல் பேசவேண்டுமே என்று வாயைத் திறக்கும் முன் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பயம் அண்ணனுக்கு. தம்பிக்கு அந்தப் பயமே கிடையாது. எதையாவது பிரித்துப் போட்டு, ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருப்பான். மணல், மணி என்று பெயர் வைத்ததே அவன்தான். வாடகைக்கு டிஸ்க் கொடுக்கும் கடையிலிருந்து அந்த ரெக்கார்டை ஒரு நாளைக்கு என்று வாங்கி வந்ததும் அவனே. கேசட்டில் பதியலாமென்று பார்த்தால் ஒயர் பிய்ந்து கிடந்தது. வெட்டி, சீவி, வாயில் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டே சால்டர் பண்ணி, "ஓடுதுண்ணா!" என்று கூவினான்.

அந்த நகல்தான் பிறகு ஊர் சுற்றியது. அதிலிருந்து ஒன்று சலூன்காரருக்கு, சலூன்காரரிடமிருந்து கண்ணாடிக்கடை அக்காவுக்கு, அக்காவிடமிருந்து இன்னும் பலருக்கு. கேசட் போய் கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டர் போய் ஃபோன் வந்தது. இவர்களிடம் ஓடியது மட்டும் அதே நகல். செத்தவனுடைய வாரிசுகளுக்குள் ஏதோ வழக்கு. அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் இணையத்தில் யாரும் போடக் கூடாது என்று தடை. ஆக, ஊரில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு உருகிய எல்லோரும் அந்த மாடி அறையில் பிறந்த ஒரே கேசட்டின் வம்சம்.

லிஃப்ட் வேலையில் சேர்ந்த பிறகு தம்பியையும் கூடச் சேர்த்துக்கொண்டார். அண்ணன் உச்சியில், மோட்டார் அறையில். தம்பி அடியில், லிஃப்ட் இறங்கி நிற்கும் குழியில். நடுவே கட்டிடத்தின் முழு உயரத்துக்கும் இருட்டுத் துவாரம். வேலை முடிந்ததைச் சொல்ல இருவரும் கூப்பிட்டுக்கொள்வதில்லை. அண்ணன் மேலிருந்து ஒரு வரி பாடுவார், தம்பி கீழிருந்து அதைப் பிடித்துக்கொள்வான். இரண்டு குரலும் நடுவழியில் எங்கோ ஒரு மாடியில் சந்தித்துக்கொள்ளும். கதவு ஓரமாகக் காத்திருக்கும் குடித்தனக்காரர்கள், "லிஃப்ட் ஓடுதோ இல்லையோ, கச்சேரி ஓடுது" என்பார்கள்.

ஒரு நாள் குழியிலிருந்து ஏறும்போது ஏணிப் படியில் எண்ணெய். வழுக்கி விழுந்தான், முதுகு அடிபட்டது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. முதலில் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்றான். பிறகு அதுவும் சொல்வதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டிலேயே தூங்கிப்போகும். ஸ்பானர் பை காணாமல்போனது. அண்ணியின் தையல் மெஷின் காணாமல்போனது. கேட்டால் அழகாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் போய் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்.

கம்பெனியில் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலும் இதே கதை நடந்திருந்தது. "தூக்கிவிட்டுக்கிட்டே இருந்தா எழுந்திருக்கவே மாட்டான். விட்டுடுங்க. தானா எழட்டும்," என்றார். சொன்னவர் நல்லவர். சொன்னதும் அனுபவம். ஆனால் அந்தப் பேச்சை லிஃப்ட்காரர் மனசில் ஆணியடித்து மாட்டியது மேற்பார்வையாளர் அல்ல, மணல். உள்ளே முழுக்கச் செல்லரித்துப்போன ஒரு மனிதன், யார் தோளையும் பிடிக்காமல் தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை இறங்காமல் பாடியிருக்கிறான். போதாதென்று ஒரு வரியை ஆசை தீரத் திரும்பப் பாடியிருக்கிறான். அவனால் முடிந்தது.

தம்பியை வாசலில் நிறுத்தி அதைத்தான் சொன்னார்.

"மணலால முடிஞ்சுதுடா. உன்னால முடியாதா? நீயா எழுந்து வா. அதுவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்."

"சரிண்ணா," என்றான் தம்பி. தோளில் ஒரு பை. அரை நாள் பஸ் தூரத்தில் வேறு ஊர், அங்கே ஒரு ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை என்று சொல்லிப் போனான். ஆரம்பத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட்காரர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அழைப்பு நின்றது. நின்றதை நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டார். எழுந்துகொண்டிருக்கிறான் போல.

இப்போது யாரோ ஒரு மச்சினன் வந்து, மணல் பாடவே இல்லை என்கிறான். அது உண்மையானால், வாசலில் நிறுத்தி தம்பிக்குச் சொன்னது என்ன?

அந்த வாரம் முழுக்க லிஃப்ட்காரர் அந்தப் பாட்டையே கேட்டார். மோட்டார் அறையில் எண்ணெய்ச் சூட்டில் உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. இடது காதில் அந்தக் குரல் எப்போதும்போல நிதானமாகத்தான் வந்தது. ஆனால் இதுவரை கேட்ட மாதிரி கேட்க முடியவில்லை. சந்தேகம் ஒரு தடவை காதுக்குள் புகுந்தால் பிறகு காதே அதன் பக்கம். இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது? ஊசி போட்டவன் மூச்சா இது? என்னால் முடியாததை முடிந்த மாதிரி காட்டுகிறேன் என்று அந்தக் குரலே சொல்வது போல இருந்தது.

பாட்டை நிறுத்தினாலும் நிற்கவில்லை. மோட்டார் சுழன்று ஓயும்போது ரீங்காரம் இறங்கி இறங்கி, கடைசிப் பாட்டின் முதல் சுரத்தில் வந்து உட்காரும். இரும்புக் கயிறுகள் துவாரத்துக்குள் ஆடும்போது யாரோ மூச்சை இழுப்பது போலச் சத்தம். அவர் எட்டிப் பார்ப்பார். இருட்டுதான்.

ஒரு பழைய குடியிருப்பில் பிரேக் சரிசெய்துவிட்டு இறங்கிவந்தார். கீழ்த்தளத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா? உங்ககூட வந்த ஆளு இன்னும் மேல வரலியே."

"யாரும்மா? நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்படியா? குழியில யாரோ பாடற மாதிரி இருந்துது. ரெண்டு குரல் கேட்டுது. நீங்க மேலேர்ந்து, அவரு கீழேர்ந்து."

"நான் பாடலியேம்மா."

"பாடினீங்க," என்றார் அந்த அம்மா சாதாரணமாக. "நல்லாத்தான் இருந்துது."

தன்னையறியாமல் முணுமுணுத்திருக்கலாம். துவாரம் அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரும்பும் சிமெண்ட்டும் இருக்கும் இடத்தில் எதிரொலி இல்லாமல் இருக்குமா? இதையெல்லாம் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் போகும் முன் டார்ச்சை எடுத்துக் குழிக்குள் அடித்துப் பார்த்தார். ஸ்பிரிங் இருந்தது. ஒரு பழைய துணி. கொஞ்சம் தண்ணீர். ஏணி. ஏணியைப் பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ணில் படும். அந்தப் பழக்கம் மனிதர்களிடமும் உண்டு.

"சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. யாரு வந்து ஊட்டணும்?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பாட்டுக்காரன் பாடினா என்ன, பாடாட்டி என்ன? அவன் செத்து மண்ணாப் போயிட்டான். உயிரோட இருக்கறவனுக்கு ஒரு ஃபோன் போடுங்க."

"போட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னா? கல்வெட்டா அது? நீங்க கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"நான் கூப்பிட்டா அவன்தான் குறைஞ்சு போவான். உனக்குப் புரியாது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின.

சலூனுக்கு விடுமுறை நாள் அன்று மதியம் ஃபோன் வந்தது. "அந்த மீதிக் கன்னத்தோட உடனே வாங்க," என்றார் சலூன்காரர். "அக்கா பெரிய ஆளைப் பிடிச்சிருக்காங்க."

அக்கா பிடித்தது ஆளை அல்ல, டிஸ்க்கை. கண்ணாடி வாங்கிக்கொள்ள மறுபடி வந்த அந்தப் பெரியவரிடம், மச்சினன் கதையை இன்னொரு தரம் கேட்டு, வாயைக் கிளறி, கடைசியில் அவர் வீட்டு அலமாரியில் அந்த ரெக்கார்டின் அசல் டிஸ்க்கே இருப்பதைத் தெரிந்துகொண்டு, ஃப்ரேமை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லி இரவல் வாங்கி வந்திருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். சலூன்காரர் லிஃப்ட்காரரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரே பெரிய கண்ணாடி, அதன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

"நேரே கடைசிப் பாட்டு போடு," என்றார் லிஃப்ட்காரர்.

கிட்டார் ஆரம்பித்தது. நகலில் எப்போதும் கூடவே வரும் அந்த 'உஸ்' சத்தம் இல்லை. அறை துல்லியமாக இருந்தது, யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்காருவதுகூடக் கேட்டது. பிறகு அந்தக் குரல். நிதானமான, பிசகாத குரல். வலது பக்கத்திலிருந்து.

மூவரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பினார்கள்.

"நாற்காலி திரும்பியிருக்கா?" என்றார் சலூன்காரர்.

"கண்ணாடியைப் பார்த்துக் குழம்பறோமா?" என்றார் அக்கா.

"ஒயரை மாத்திக் குத்தியிருப்ப," என்று லிஃப்ட்காரர் எழுந்து ஸ்டூல் போட்டு ஏறினார். பின்னால் கையை விட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. இடது ஸ்பீக்கரின் ஒயரை உருவினார். வலது பக்கம் மட்டும் பாடியது: முழுப் பாட்டு, திடமாக. அதை மறுபடி மாட்டி, இந்த முறை வலது ஒயரை உருவினார். இடது பக்கம் மட்டும் பாடியது. மெல்லிய குரல், ஒவ்வொரு வரியும் பாதியில் நுழைந்து, முடியும் முன்னே நழுவிப்போய்.

"அட்டையில என்ன போட்டிருக்குக்கா?"

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இடது பக்கம் மணல். அப்படித்தான் இருக்கு. மாறலை."

லிஃப்ட்காரர் ஸ்டூலிலேயே நின்றார். லிஃப்ட் மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸ் ஒயர்களில் எந்த இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். மேலே போக அழுத்தினால் கீழே போகும். ஒவ்வொரு முறை ஒயரில் கைவைத்த பிறகும் முதலில் அதைச் சோதிக்காமல் யாரையும் ஏறவிடமாட்டார். ஆனால் மாடி அறையில் தம்பி வாயில் நுனியைக் கடித்துக்கொண்டு சால்டர் பண்ணிய அந்த ஒயரை யாரும் சோதிக்கவில்லை. ஓடியது, அதுவே போதுமாக இருந்தது. இடதில் போகவேண்டியது வலதில் போய், வலதில் போகவேண்டியது இடதில் வந்து, ஊரே அதைக் கேட்டு வளர்ந்தது.

"அப்போ நாம இத்தனை வருஷமும் ஆளை மாத்தி அழுதிருக்கோமா?" என்றார் சலூன்காரர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உயிரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி, செத்தவனைப் பார்த்து ஒத்து ஊதறான்னு நக்கல்."

"அந்த மச்சினன் சொன்னதும் பொய்தானே," என்றார் அக்கா. "பாடியிருக்கான். இதோ பாடறானே, பாவம்."

"ரெண்டையும் மாட்டிட்டு முதல்லேர்ந்து போடு," என்றார் லிஃப்ட்காரர்.

இந்த முறை மூவரும் வேறு பாட்டைக் கேட்டார்கள். மணி ஒவ்வொரு வரியையும் ஒரு நூல் முன்னதாகத் தொடங்கினான். வார்த்தையை வெட்டவெளிச்சமாக உச்சரித்து, பக்கத்தில் இருப்பவனுக்குப் பிடித்துக்கொள்ள நேரம் கொடுத்து. மணல் அதைத் தேடிப் பிடித்து, கூடவே கொஞ்ச தூரம் வந்து, விட்டுவிட்டான். மறுபடி மணி. மறுபடி மணல். கண் தெரியாதவன் சுவரைத் தடவிக்கொண்டு வருவது மாதிரி. பிறகு இரட்டை வரி வந்தது. முதல் தடவை மணி பாடியபோது இடது பக்கம் ஒன்றுமே இல்லை. மூச்சு மட்டும். மணி வரியின் முடிவில் நின்றான். கிட்டார் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது, வலதிலிருந்து நடுப்பக்கமாக. பிறகு மணி அதே வரியை மறுபடி முதலிலிருந்து, மெதுவாக, இன்னும் தணித்துப் பாடினான். பாதியில் இடது பக்கத்திலிருந்து மணல் வந்து சேர்ந்துகொண்டான்.

"திரும்பிப் போயிருக்கான்," என்றார் லிஃப்ட்காரர்.

"யாரு?"

"மணி. மணலைக் கூட்டிட்டு வர," என்றார். மாடி அறையில் ஒரு மழை நாள் நினைவுக்கு வந்திருந்தது. தம்பி தரையில் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ரெண்டாவது ஆளைத்தான் பிடிக்கும்ணா" என்றான். "யாரு, அந்த ஒத்து ஊதறவனா?" என்று இவர் சிரித்தார். "அவன் பயந்துக்கிட்டே பாடறான். இருந்தாலும் பாடறான்ல?" என்றான் தம்பி. அன்றைக்கு அவனுக்கு முதுகும் நன்றாக இருந்தது, எல்லாமே நன்றாக இருந்தது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மீதிக் கன்னத்தை எடுத்துவிடட்டுமா என்று சலூன்காரர் கேட்டதும், அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தியதும் பின்னால் கேட்டது.

வீட்டில் மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி நம்பர் மாத்தலைதானே? பழசுதானே?"

அவள் ஒரு சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"பழசுதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் பேசிக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள். "நீங்க வேலைக்குப் போன பிறகு. திட்டினாத் திட்டுங்க. அவனும் கூப்பிடுவான், நானும் கூப்பிடுவேன். சாப்பிட்டியான்னு கேட்பேன், சாப்பிட்டேன் அண்ணின்னுவான். அண்ணன் என்ன சொல்றாருன்னு ஒவ்வொரு தடவையும் கேட்பான்."

"நீ என்ன சொல்லுவ?"

"என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்காருன்னு சொல்லுவேன்."

அவர் ஃபோனை எடுத்தார். நம்பரை அழுத்தப் போனவரை அவள் குரல் நிறுத்தியது.

"ஆனா இப்போ கொஞ்ச நாளா எடுக்கறதில்லைங்க. அடிக்குது, எடுக்க மாட்டேங்கறான். அவன் வேலை பார்க்கற கடையில கேட்டா, வரலைன்னாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "அதனாலதான் தினமும் உங்ககிட்ட நச்சரிச்சேன். உங்க நம்பர்னா ஒருவேளை எடுப்பான்னு."

லிஃப்ட்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் துணிக்குவியலைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நம்பரை அழுத்தினார். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழக்கம்போல மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்க முயன்றார். எந்த பாஷையிலும் ஒன்றும் வரவில்லை.

அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. அடித்து, அடித்து, தானாக ஓய்ந்தது. பெண் குரல் ஒன்று, நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னது.

"விடாதீங்க," என்றாள் மனைவி. "இன்னொரு தரம் போடுங்க."

போட்டார். ஃபோனைக் காதோடு அழுத்தினார். மழிக்காத கன்னம் கண்ணாடித் திரையில் உரசிச் சரசரத்தது. அரை நாள் பஸ் தூரத்தில், அவர் பார்த்தேயிராத ஒரு அறையில், அது அடித்துக்கொண்டிருந்தது.